கோபப்படவும் தெம்பு வேண்டும்

என் தம்பி பெண்டாட்டி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். மடியில் கிண்ணம், ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் பாதித் தோல் போன கிழங்கு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் இந்தக் காட்சிதான். வெளியே தார் இளகுகிற வெயிலாக இருக்கும். அவள் பழுப்பு ஸ்வெட்டரைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்வெட்டர் ஆன்ட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள். அவள் சிரிக்கப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடும்.

நான் ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை பெல்ட்டின் முன் நிற்க வேண்டும். வெட்டிய ரொட்டி வந்துகொண்டே இருக்கும். உறையை ஊதிப் பிரித்து, ரொட்டியை உள்ளே தள்ளி, வாயை முறுக்கிக் கிளிப் போட வேண்டும். கை நின்றால் பின்னால் வருகிறதெல்லாம் தரையில் விழும். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. அப்படி நின்றுவிட்டு வருகிற ஒருத்திக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குகிற இன்னொருத்தியைப் பார்த்தால் என்ன தோன்றும்? அதுதான் எனக்கும் தோன்றியது.

"ஏம்மா, நீ கிழங்கை உரிக்கிறியா, கிழங்கு உன்னை உரிக்குதா?" என்பேன்.

"இல்ல அண்ணி... இதோ முடிச்சிடறேன்." குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வரும்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தாள். வக்கீல்கள் வாயால் சொல்லச் சொல்ல அடித்துத் தருவாள். வக்கீல் மூச்சு வாங்குவதற்குள் இவள் அந்த வரியை முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாளாம். என் தம்பி லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. கீழ்வீட்டு டிரைவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த நாலு மாடியையும் இவள் இரண்டு கையிலும் பையோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறி வருவாள். நான் அவர்களோடுதான் இருந்தேன். எனக்குக் கல்யாணம் என்பது ஒன்றரை வருடம் மட்டும் நடந்த விஷயம். அதற்குப் பிறகு தம்பி வீடுதான் என் வீடு.

பிரசவத்தில்தான் எல்லாம் மாறியது. குழந்தை நன்றாகப் பிறந்தது. அதற்குப் பின் இவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்சுகள் ஓடினார்கள். தம்பி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். விடிந்தபோது ஒரு டாக்டர் வந்து, "பிழைச்சிட்டாங்க. அதுவே பெரிய விஷயம்," என்றார். நாங்களும் அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அவளுக்குப் பால் வரவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. குழந்தை கத்தியது. டப்பாப் பால் வாங்கி வந்தோம். இவள் கை தூக்க முடியாமல் கிடந்ததால் புட்டியைப் பிடித்தது நான். இரண்டு மணிக்கு வேலை முடிந்து ஓட்டமாக வருவேன். அந்தச் சின்ன வாய் புட்டியை இழுக்கிற வேகம் என் மணிக்கட்டில் தெரியும். அந்த நாட்களில் நான் களைப்பை உணர்ந்ததே இல்லை. இவள் கட்டிலில் படுத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதங்கள் போயின. அவளுக்கு மாதவிலக்கு திரும்பவே இல்லை. ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். "விட்டது தொல்லைன்னு இரு. மாசாமாசம் அவஸ்தைப்படுற எங்களைக் கேளு," என்றேன். புருவம் ஓரத்தில் உதிர்ந்து போனது. அக்குளில் முடி இல்லை. முகம் மெழுகு போல வெளுத்தது. தட்டச்சுக் கடைக்குத் திரும்பிப் போனவள் பதினோரு நாளில் நின்றுவிட்டாள். விரல் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றாள். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இதெல்லாம் சகஜம் என்று கட்டடத்துப் பெண்கள் சொன்னார்கள். ஒரு வருடம் வரை சகஜம் என்றோம். பிறகு சோம்பல் என்றோம். ஆளுக்கு ஒரு பெயர் வைத்தோமே தவிர, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தம்பி அவளை டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு போகாமல் இல்லை. ஒருவர் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார். ஒருவர் டானிக் கொடுத்தார். இன்னொருவர் மனசுதான் காரணம் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் இன்னும் தூங்கினாள். "எல்லாம் நார்மல்" என்கிற தாள்கள் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சேர்ந்தன. நாக்கில் நரம்பில்லாமல் நான் சொன்னேன்: "நார்மல்னு இத்தனை பேர் சொல்றாங்களே, அப்ப யார்கிட்டதான் குறை?"

இப்படி ஒன்பது வருடம் போனது. குழந்தைக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அது என் அறையில்தான் படுத்தது. என்னிடம்தான் பின்னல் போட்டுக்கொண்டது. பள்ளியில் 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னபோது என்னைப் பற்றி அரைப் பக்கமும் அம்மாவைப் பற்றி ஒரே வரியும் எழுதியிருந்தது. 'என் அம்மா தூங்குவார்.' நான் அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டவில்லை. எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் கோடையின் முடிவில் தம்பி அவளைப் பெரிய தெருவில் புதிதாகத் திறந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எங்களுக்கு நிம்மதி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு அதே வியாதி. இருவரும் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியாடித் திரிகிறார்கள்.

ஆனால் இவள் தேறவில்லை. பத்து நாளில் இன்னும் மோசமானாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். "மாத்திரை பிடிக்க நாளாகும்மா. முகத்தைச் சுளிக்காம போடு," என்று நானே தண்ணீரோடு கொண்டு போய்க் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. அன்று பெல்ட் இரண்டு முறை அறுந்து, மூன்று மணிக்குத்தான் விட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் சமையலறை வாசலில், தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். அடுப்பு மூட்டவில்லை. பாத்திரம் கழுவவில்லை.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்லாயிருக்கு. இப்ப தரையிலயே படுக்கையா? எந்திரி. பாவ்லா போதும். வீட்டுல ஒருத்தியாவது உழைக்கிறாளேன்னு நினைப்பிருக்கா உனக்கு?"

அவள் அசையவில்லை. நான் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். பையை மாட்டினேன். முகம் கழுவினேன். டீக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோதுதான் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. திரும்பி வந்து தோளைத் தொட்டேன். ஸ்வெட்டர் நனைந்திருந்தது. உடம்பு ஐஸ் கட்டி. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

ஓடிப்போய் மாடிப்படியில் நின்று கத்தினேன். கீழ்வீட்டு டிரைவர் பனியனோடு ஓடி வந்தார். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, என் புடவையால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாலு மாடி இறக்கினோம். அவளுக்கு எடையே இல்லை. அவர் வண்டியில் பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு," என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்து அவளிடம் நான் அத்தனை மென்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கருவியில் கோளாறு என்று நினைத்து இன்னொன்றை எடுத்து வந்தார். இரண்டும் அதே குறைந்த எண்ணைக் காட்டின. சர்க்கரையும் தரைமட்டம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் கண் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்று இளம் டாக்டர் ஒருவர் சொன்னார். தம்பி கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தான்.

ஐந்து மணி சுமாருக்கு ஹார்மோன் டாக்டர் என்று ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பியவரை வாசலில் மடக்கியிருக்கிறார்கள் போல. தோளில் கைப்பை தொங்கியது. காலில் செருப்பு மாற்றியிருந்தார். அவரும் எங்களைப் போலவே களைத்திருந்தார். படுத்திருந்தவளின் புருவத்தைப் பார்த்தார். ஸ்வெட்டரை விலக்கி அக்குளைப் பார்த்தார். முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் ரொம்ப யோசித்துவிட்டு ஆடியது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"எத்தனை குழந்தை?"

"ஒண்ணுதான். ஒன்பது வயசு."

"பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா?"

"ஏழு பாட்டில் ஏத்தினாங்க டாக்டர்."

"குழந்தைக்குப் பால் வந்துதா?"

ஒன்பது வருடத்தில் எத்தனை டாக்டர்கள், எத்தனை தாள்கள்! யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல. ஒரு சொட்டுகூட வரல. நான்தான் புட்டியில கொடுத்தேன்."

"அதுக்கப்புறம் மாதவிலக்கு?"

"வரவே இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு நர்சிடம் ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். "ரத்தம் எடுத்துட்டு உடனே போடுங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்." பிறகு கைப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்.

"மூளைக்கு அடியில, மூக்குக்குப் பின்னால, பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரின்னு பேரு. அதுதான் மத்த சுரப்பிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புது. கழுத்துல இருக்கிற தைராய்டுக்கு, சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற ரெண்டு சுரப்பிக்கு, சினைப்பைக்கு. பால் சுரக்கச் சொல்றதும் அதுதான். கர்ப்ப காலத்துல அது பெருசாகும், ரத்தம் அதிகமா கேட்கும். அந்த நேரத்துல இவ்வளவு ரத்தம் போனா, அதுக்கு ரத்தம் கிடைக்காம பட்டுப் போயிடும். செடி படுற மாதிரி. உயிரோட இருக்கிறவங்களுக்கு உள்ள அது மட்டும் செத்துப் போகும்."

"அப்ப தைராய்டுன்னு சொன்னாங்களே டாக்டர்?" தம்பி பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

அவர் அதைப் படித்தார். "அவங்க சொன்னது பொய் இல்ல, பாதி. பாருங்க, ரத்தத்துல தைராய்டு குறைஞ்சா மேல இருக்கிற சுரப்பி, 'சுர, சுர'ன்னு கத்தணும். போதும்னா அடங்கணும். உடம்பு முழுக்க இப்படித்தான் ஓடுது. கூடினா குறைக்கும், குறைஞ்சா கூட்டும். நாம சும்மா உட்கார்ந்திருக்கோம்னு நினைக்கிறோம், உள்ள ஒரு நிமிஷம் ஓய்வில்ல. இவங்களுக்குத் தைராய்டு இவ்வளவு குறைஞ்சும் கத்தல் கேட்கவே இல்ல. கத்த வேண்டியதுதான் இல்லையே."

"மாத்திரை போட்டும் மோசமாச்சே?" என்றேன். அந்த மாத்திரையைக் கொடுத்தது என் கை.

"கார்டிசால்னு ஒரு ஹார்மோன். காய்ச்சல், பசி, பயம், எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். அது இவங்ககிட்ட அடிமட்டத்துல இருந்துச்சு. உடம்பும் மெதுவா ஓடிக்கிட்டிருந்ததால அதை வெச்சு எப்படியோ ஒப்பேத்தினாங்க. தைராய்டு மாத்திரை உடம்பை வேகமா ஓட விட்டுடுச்சு. இருந்த கொஞ்சமும் காலி. முதல்ல கார்டிசாலைக் கொடுத்துட்டு அப்புறம்தான் தைராய்டைத் தொடணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல," என்றார்.

மாத்திரை விஷயத்தில் அது உண்மை. மற்றதில்?

ஊசி போட்ட மூன்று மணி நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். தலையணையைச் சரியாக வைக்கச் சொன்னாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தெளிவான குரலில், "பசிக்குது," என்றாள். தம்பி அழுதுவிட்டான். பசிக்கிறது என்று அவள் சொல்லி நாங்கள் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. மருத்துவமனைக் கடையில் மிச்சமிருந்த இரண்டு ரொட்டித் துண்டும் முட்டையும் வாங்கி வந்தேன். உறையைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலை ரொட்டிதான். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். இனி ஆயுள் முழுக்க மாத்திரை. கார்டிசாலுக்கு எழுந்ததும் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் அரை. தைராய்டு மாத்திரை தனி. காய்ச்சல் வந்தால் கார்டிசாலை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஊசி. நல்ல உடம்பில் கேட்காமலே நடக்கிற காரியத்தை நாங்கள் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. தம்பி ஒரு அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்.

இரண்டு மாதத்தில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். நான்காவது மாதம் புருவம் கொஞ்சம் முளைத்தது. முன்போல அவளால் ஓட முடியவில்லை. இரண்டு மாடி ஏறினால் நிற்பாள். ஆனாலும் முகத்தில் ஆள் இருந்தது.

தெம்பு வந்ததும் முதலில் வந்தது கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தம்பி வேலைக்குப் போயிருந்தான், வாண்டு கீழே விளையாடிக்கொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் தரையில கிடந்தப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு அண்ணி."

என் கை நின்றது.

"என்னைத் தாண்டிப் போனீங்க. டீக்குத் தண்ணி வெச்ச சத்தம் கேட்டுச்சு. வாயைத் திறக்கணும்னு பார்த்தேன், முடியல."

"எனக்குத் தெரியலம்மா..."

"தெரியலதான். யாருக்கும் தெரியல. ஆனா ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது, 'உனக்கு என்ன பண்ணுது'ன்னு நீங்க கேட்டிருக்கலாம். 'உனக்கு என்ன கேடு'ன்னுதான் கேட்டீங்க." அவள் துணிக்குவியலை ஓரமாகத் தள்ளினாள். "அப்பவெல்லாம் எனக்குக் கோபம்கூட வரல. கோபப்படவும் தெம்பு வேணும் அண்ணி. அதுகூட என்கிட்ட இல்ல. எம் பொண்ணை நீங்க தூக்கிட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன். கையை நீட்டிக் கேட்கக்கூட முடியல."

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. பதினெட்டு வருட நிற்றல் இருந்தது. புட்டி இருந்தது. இரவெல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்த கணக்கு இருந்தது. எதையும் எடுக்கவில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராமலே தெரிந்திருக்க வேண்டியது அது. துணியைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்றது சரிதான்," என்றேன். அவள் எழுந்து போய் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். அவள் சாத்தி அந்தக் கதவு அத்தனை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

வாண்டு ஒரேயடியாக அவள் பக்கம் போய்விடவில்லை. முதலில் அம்மாவை நம்பவில்லை. பள்ளி வாசலில் அவள் வந்து நின்றால், "அத்தை வரலையா?" என்று கேட்டது. அவள் முகம் சுண்டிப்போய் வருவாள். மறுநாளும் போவாள். ஒருநாள் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தை," என்றது குழந்தை. அந்த 'ஒண்ணுமில்ல'வில் எனக்கு இடமில்லை.

பிறகு பின்னல் போனது. பிறகு வீட்டுப்பாடம். அடுத்த கோடையில் ஒரு மாலை, வாண்டு தன் தலையணையை இடுக்கிக்கொண்டு, "அம்மாகிட்ட படுத்துக்கட்டா அத்தை?" என்று கேட்டது. "இதையெல்லாம் கேட்கணுமா? போ," என்றேன். ஒன்பது வருடமாக என் விலாவில் இடித்துக்கொண்டிருந்த முழங்கால் இல்லாமல் கட்டில் அகலமாக இருந்தது. நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை.

ஒருநாள் தம்பியிடம், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பாத்திரத்தைத் துடைத்தபடி, "அங்க போனா உங்க காலுக்கு யாரு எண்ணெய் தேய்ப்பா?" என்றாள். இங்கேயும் யாரும் தேய்த்ததில்லை. பேச்சு அதோடு முடிந்தது. நான் போகவில்லை. அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாள். அதனாலேயே கேட்கவில்லை.

அவள் இப்போது பழைய தட்டச்சுக் கடைக்கு அரை நாள் போகிறாள். கடையில் எல்லாம் கம்ப்யூட்டராகிவிட்டது. வேலையில் மூழ்கினால் மதிய மாத்திரையை மறந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு பயம். பன்னிரண்டு மணிக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் பெல்ட் நிற்கும். சுவரோரம் கவிழ்த்த டிரே மேல் உட்கார்ந்து அவளுக்குப் போன் போடுவேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணி." டக்கென்று வைத்துவிடுவாள். ஐந்தாறு மாதமாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன வாரம் அப்படித்தான் கேட்டேன். "போட்டாச்சு," என்றாள். நான் வைக்கப் போனேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று சொல்வதற்குள் மணி அடித்து, பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.